எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை. இரண்டு கல்யாணங்களின் படங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10.52

எல்லோருக்கும் வணக்கம். தேனி மாவட்டத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 2019இல் வாங்கிய 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் வகை, தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பி கேபிளிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும். இன்று மதியம் ஒரு கல்யாணத்தின் ரிசப்ஷன் வீடியோவை அதில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி பலவீனமாகி ரொம்ப நாளாயிற்று, கம்ப்யூட்டர் அந்த நொடியே அணைந்துவிட்டது.

கரண்ட் வந்த பிறகு சொருகினால் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரும் வழக்கமான டிங் சத்தம் கொடுக்கிறது, ஆனால் டிரைவ் பட்டியலில் எதுவும் இல்லை. இரண்டு மூன்று நிமிடம் கழித்து இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. பயந்துபோய் கேன்சல் கொடுத்து கேபிளைப் பிடுங்கிவிட்டேன். ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், வேறு ஓட்டையில் சொருகிப் பார்த்தேன், அதேதான்.

ஐந்து வருட வேலை அதில் இருக்கிறது. பழையதில் பெரும்பகுதி வாடிக்கையாளரிடம் கொடுத்தாகிவிட்டது, ஆனால் இந்த மாதம் எடுத்த இரண்டு கல்யாணங்கள் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. கார்டில் இருந்து ஏற்றி முடித்ததும் கேமராவிலேயே கார்டை ஃபார்மட் செய்துவிடுவது என் வழக்கம். பெண் வீட்டார் ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்ய வெள்ளிக்கிழமை வருகிறார்கள். என்ன செய்யலாம், தயவுசெய்து சொல்லுங்கள்.


செப்புக்கம்பி | ஞாயிறு, இரவு 11.15

முதலில் கேபிள். இந்தச் சின்ன டிஸ்குகளுக்கு வரும் கேபிளின் டிஸ்க் பக்க முனை அகலமாக, நடுவில் ஒரு வெட்டு விழுந்து இரண்டு பல் மாதிரி இருக்கும். அந்த முனைதான் சீக்கிரம் தளரும். கரண்ட் வரும் கம்பி ஒட்டிக்கொண்டிருக்கும், டேட்டா கம்பி விட்டுப்போயிருக்கும். விளக்கு எரிவதால் மட்டும் டிஸ்க் பிழைத்திருக்கிறது என்று நம்ப முடியாது. யாரிடமாவது அதே மாதிரி வேறு கேபிள் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது போர்ட். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க ஓட்டைகளை விட்டுவிடுங்கள், அவை கேபினட்டுக்குள் ஒரு ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன, அதில் வோல்டேஜ் இறங்கும். பின்பக்கத்தில் நேராக மதர்போர்டில் இருக்கும் நீல நிற ஓட்டையில் போடுங்கள். பழைய யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரவேண்டும் என்பது கணக்கு, யூஎஸ்பி 3 என்றால் 900. டிஸ்க் ஓடத் தொடங்கும் அந்த முதல் சில நொடிகளில் இதற்கும் மேலே கேட்கும்.

சொருகியதும் டிஸ்க் மேல் விரலை வைத்துப் பாருங்கள், மெல்லிய அதிர்வு தெரிகிறதா? என்ன சத்தம் வருகிறது? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று இருக்கும், அதில் இந்த டிஸ்க் என்ன அளவில், என்ன பெயரில் தெரிகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பார்ப்பது மட்டும்தான், எதையும் அழுத்த வேண்டாம்.


மலைச்சாரல் | ஞாயிறு, இரவு 11.31

எனக்கும் இதே மாதிரி கரண்ட் கட்டில் ஆனது. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து செக் டிஸ்க் என்ற விண்டோஸின் சரிபார்ப்புக் கட்டளையைப் போட்டேன், பத்து நிமிடத்தில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. நீங்களும் போட்டுப் பாருங்கள் நண்பரே.


முள்ளும்தட்டும் | ஞாயிறு, இரவு 11.48

வேண்டாம் தம்பி, செக் டிஸ்க் போடாதீர்கள். அவசரமாகச் சொல்ல வேண்டியது என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் ஒரு டேட்டா ரெக்கவரி கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்கே வந்த டிஸ்குகளில் நான் பார்த்த வரைக்கும், முதல் கோளாறை விட அதற்குப் பிறகு வீட்டில் செய்த வைத்தியத்தால் போனவைதான் என்னை அதிகம் வருத்தியவை. செக் டிஸ்க்கின் வேலை டிஸ்கை ஒழுங்காக்குவது, உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலையே இல்லை. ஒரு பைலின் பதிவு சரியில்லை என்று பட்டால் அதை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பெயரில்லாத துண்டுகளாக ஒரு மறைவான போல்டரில் கொட்டிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடும். மலைச்சாரல் சொன்னது பொய்யில்லை, தட்டு, அதாவது டிஸ்குக்குள் சுற்றும் டேட்டா பதிந்த தகடு, நன்றாக இருந்து கணக்கு மட்டும் குழம்பியிருந்தால் அது வேலை செய்யும். ஆனால் தட்டே பழுதாகியிருந்தால், சாகக் கிடப்பவரை எழுப்பி ஓடச் சொல்வது போல ஆகிவிடும். எது என்று தெரியாதவரை தொடக்கூடாது.

கம்ப்யூட்டர் மூன்று விதமாகக் கேட்கும். ஃபார்மட் செய்யவா, இனிஷியலைஸ் செய்யவா, ஸ்கேன் செய்து சரிசெய்யவா. மூன்றுக்கும் வேண்டாம் என்பதே பதில். மூன்றும் டிஸ்கில் எழுதும். இப்போதைக்கு டிஸ்கில் எதுவுமே எழுதப்படக் கூடாது. சும்மா சொருகி வைத்திருக்கவும் வேண்டாம், பார்த்ததும் கழற்றிவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான கேள்வி. அந்த இரண்டு கல்யாணத்துக்கும் பயன்படுத்திய மெமரி கார்டுகள் எங்கே? ஃபார்மட் செய்த பிறகு அவற்றில் வேறு ஏதாவது எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் இப்போதே கேமராவில் இருந்து கழற்றி ஒரு கவரில் போட்டு, தொடாதே என்று எழுதி வையுங்கள். பெரும்பாலான கேமராக்களில் சாதாரண ஃபார்மட் என்பது பட்டியலை மட்டும் அழிப்பது, படங்கள் அடியில் அப்படியேதான் கிடக்கும், அவற்றின் மேல் புதிதாக எழுதும்வரை.


வைகைக்கரை | திங்கள், காலை 7.20

அக்கா, கார்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரியே எழுந்து போய்ப் பார்த்தேன். முதல் கல்யாணத்தில் இரண்டு கார்டு. ஒன்று அப்படியே இருக்கிறது. இன்னொன்றில் அடுத்த நாளே ஒரு காதுகுத்து எடுத்துவிட்டேன், ஏறக்குறைய பாதி கார்டு. இரண்டாவது கல்யாணத்தின் போட்டோ கார்டில் எதுவும் எடுக்கவில்லை. கரண்ட் போனபோது ஏற்றிக்கொண்டிருந்த வீடியோ கார்டை இன்னும் ஃபார்மட்டே செய்யவில்லை, அதில் வீடியோ முழுதாக இருக்கிறது. எல்லாவற்றையும் கவரில் போட்டு பூட்டிவிட்டேன்.

செப்புக்கம்பி அண்ணா, பக்கத்துக் கடையில் கேபிள் வாங்கி பின்பக்கத்தில் போட்டேன். சர்ரென்று ஓடும் சத்தம் வருகிறது, விரலில் அதிர்வு தெரிகிறது. ஆனால் இடையிடையே ஒரு மெல்லிய டிக், பிறகு கொஞ்சம் மௌனம், பிறகு மறுபடி ஓட்டம். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்கவே நாலு நிமிடம் ஆயிற்று. டிஸ்க் 1, 1863 ஜிபி, அதன் கீழே ரா என்று இருக்கிறது. என்னுடையது 2 டிபி, 137 ஜிபி எங்கே போனது? அதுவும் கோளாறா?


முள்ளும்தட்டும் | திங்கள், காலை 8.05

137 ஜிபி எங்கும் போகவில்லை. கம்பெனி 2 லட்சம் கோடி பைட்டை 2 டிபி என்று விற்கிறது, விண்டோஸ் 1024ஆல் மூன்று முறை வகுத்து 1863 என்று காட்டுகிறது. இரண்டும் ஒன்றுதான்.

அந்த 1863 நல்ல செய்தி. டிஸ்க் தன்னுடைய அளவையும் அடையாளத்தையும் தட்டிலேயே ஒரு ரகசிய இடத்தில் எழுதி வைத்திருக்கிறது, ஓடத் தொடங்கியதும் முள், அதாவது தட்டைப் படிக்கும் முனை, அங்கே போய் அதைப் படித்துக்கொண்டுதான் கம்ப்யூட்டருக்குத் தன்னைக் காட்டும். சரியான அளவு தெரிகிறது என்றால் முள் படிக்கிறது. பூஜ்யம் என்றோ சம்பந்தமில்லாத ஒரு எண் என்றோ காட்டியிருந்தால் கடைக்கே போங்கள் என்றிருப்பேன்.

இந்த ரா என்பது உங்கள் கேமராவின் ரா பட வகை இல்லை. உள்ளே இருக்கும் கணக்குப் புத்தகம் என்ன மொழி என்று விண்டோஸுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அது ரா என்று காட்டும்போது செக் டிஸ்க் போட்டாலும் முடியாது என்றுதான் சொல்லும்.

எனக்குக் கவலை அந்த டிக்கும், நாலு நிமிடத் தாமதமும்தான். படிக்க முடியாத இடத்தில் முள் திரும்பத் திரும்ப முயல்கிறது. ஒழுங்கான தாளத்தில் டக், டக், டக் என்று விடாமல் அடித்தால் முள் போய்விட்டது, உடனே பிடுங்க வேண்டும். உங்களுடையது அப்படி இல்லை போலிருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதைப் போட்டு ஒரே ஒரு முறை திறந்து 05, சி5, சி6, சி7 என்ற நாலு வரிசையில் கடைசி எண் என்ன என்று பார்த்துப் போனில் படம் எடுத்துக்கொண்டு டிஸ்கைக் கழற்றிவிடுங்கள்.


ஆற்றங்கரைத்தெரு | திங்கள், காலை 10.40

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரு 1 டிபி டிஸ்க், அது சொருகினால் ஓடவே இல்லை, பீப் பீப் என்று மெல்லிசாக ஒரு சத்தம் மட்டும் வருகிறது. உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறதா என்ன? கல்லூரிக் காலத்துப் படங்கள் எல்லாம் அதில்தான். ஹார்ட் டிஸ்கை பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்று ஒருவர் சொன்னார், செய்யலாமா?


முள்ளும்தட்டும் | திங்கள், காலை 11.02

ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் குளிர்ந்த தட்டின் மேல் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். தட்டுக்கும் முள்ளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி நானோமீட்டர் கணக்கு, நம் தலைமுடி அதற்கு முன்னால் மலை. ஒரு துளி ஈரம் போதும், தட்டின் மேல்பூச்சே உரிந்து வந்துவிடும். பூச்சு உரிந்தால் எந்தக் கடையாலும் எதுவும் செய்ய முடியாது, டேட்டா அந்தப் பூச்சில்தான் இருக்கிறது.

பீப் சத்தத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது, சுற்ற முயன்று முடியாமல் துடிக்கும் மோட்டாரின் சத்தம் அது. காரணம் இரண்டில் ஒன்று. கரண்ட் போதவில்லை, அல்லது முள் தன் இடத்துக்குத் திரும்பாமல் தட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. கீழே விழுந்ததா? விழுந்தது என்றால் இரண்டாவதுதான் இருக்கும், தூசி வடிகட்டிய அறையில் திறக்க வேண்டும், வீட்டில் மூடியைத் திறக்காதீர்கள். விழவில்லை என்றால் முதலில் வேறு கேபிள், பிறகு தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பில் போட்டுப் பாருங்கள். நாலைந்து முறைக்கு மேல் முயலாதீர்கள்.


பனைமரத்தடி | திங்கள், மதியம் 1.15

எனக்குத் தெரிந்த ஒரு வழி, வெளிக்கூட்டை உடைத்து உள்ளே இருக்கும் டிஸ்கை நேராக மதர்போர்டில் சாட்டா என்ற டிஸ்க் கேபிளில் மாட்டிவிடுவது. கூட்டில் இருக்கும் சின்ன போர்டு போயிருந்தால் இதில் சரியாகிவிடும். என் 4 டிபி டெஸ்க் வகை டிஸ்கில் இப்படித்தான் எடுத்தேன். அதற்கு முன்னால் இன்னொரு அனுபவமும் உண்டு. அது 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெரிய வகை, விளக்கு எரியும், ஓடாது. வீட்டு ரவுட்டர் அடாப்டரும் 12 வோல்ட், முனையும் ஒன்றாக இருந்தது என்று அதை மாட்டினேன், அப்போதும் ஓடவில்லை. பிறகுதான் பார்த்தால் ரவுட்டருடையது 1 ஆம்பியர், டிஸ்குக்கு வேண்டியது 2. சரியான அடாப்டர் வாங்கி மாட்டியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. டிஸ்கில் கோளாறே இல்லை.


முள்ளும்தட்டும் | திங்கள், மதியம் 1.50

பெரிய வகை டிஸ்கில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரைத்தான், நல்ல அனுபவம் சொன்னீர்கள். சின்ன வகையில் கூட்டை உடைப்பது பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் பல சின்ன டிஸ்குகளில் உள்ளே சாட்டா முனையே கிடையாது, யூஎஸ்பி ஓட்டையை டிஸ்கின் போர்டிலேயே நேராகப் பற்றவைத்திருப்பார்கள். உடைத்த பிறகுதான் தெரியும். சிலவற்றில் நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் அந்த போர்டில் இருக்கும் சிப் எல்லாவற்றையும் பூட்டி எழுதியிருக்கும், போர்டு இல்லாமல் படித்தால் குப்பையாகத் தெரியும். இன்னும் சில கூடுகள் செக்டரை, அதாவது டேட்டா எழுதும் சின்னக் கட்டத்தை, 512 பைட்டுக்குப் பதிலாக 4096 என்று மாற்றிச் சொல்லும், அதை நேராக மாட்டினால் நல்ல டிஸ்கே ரா என்று காட்டும், பயந்து ஃபார்மட் செய்துவிடுவார்கள்.

அதே மாடல் டிஸ்க் ஒன்று வாங்கி அதன் பச்சை போர்டைக் கழற்றி இதில் மாட்டலாம் என்றும் யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு டிஸ்குக்கும் தனித்தனியான அளவீடுகள் அந்த போர்டில் ஒரு சிப்பில் இருக்கின்றன, அந்தச் சிப்பையும் சேர்த்து மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால் பயனில்லை.


வைகைக்கரை | திங்கள், மாலை 6.30

பார்த்துவிட்டேன் அக்கா. மஞ்சள் நிறத்தில் காஷன் என்று வந்தது. 05இல் பூஜ்யம். சி5இல் 1ஏ8. சி6இலும் 1ஏ8. சி7இல் பூஜ்யம். எண்ணுக்கு நடுவில் எழுத்து ஏன் வருகிறது?


முள்ளும்தட்டும் | திங்கள், இரவு 8.10

அது பதினாறின் அடிப்படையில் எழுதிய எண், நம் கணக்கில் 424.

சி7 என்பது கேபிள் வழியில் வந்த பிழைகளின் எண்ணிக்கை. அது பூஜ்யம் என்பதால் கூட்டுக்குள்ளே இருக்கும் இணைப்பு சரியாக இருக்கிறது என்று தெரிகிறது. 05 என்பது பழுதான இடத்துக்குப் பதிலாக வேறு இடம் ஒதுக்கிக்கொண்ட எண்ணிக்கை, பூஜ்யம். சி5தான் விஷயம். 424 செக்டரைப் படிக்க முடியவில்லை, என்ன செய்வதென்று டிஸ்க் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று பொருள்.

இதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கரண்ட் திடீரென்று போகும்போது, சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து முள்ளைப் பத்திரமாக ஓரத்துக்குக் கொண்டுபோய்விடும் ஏற்பாடு இந்த டிஸ்குகளில் இருக்கிறது. அதனால் முள் தட்டில் விழுந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் அந்த நொடி எழுதிக்கொண்டிருந்த செக்டர் பாதியில் நின்றுபோகும். பாதி எழுதிய செக்டரைப் பிறகு படித்தால் சரிபார்ப்புக் கணக்கு ஒத்துவராது, படிக்க முடியவில்லை என்று சி5இல் ஏறும். ஆகவே இந்த 424இல் எத்தனை நிஜமான காயம், எத்தனை பாதியில் நின்ற எழுத்து என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே முழுவதையும், செக்டர் செக்டராக, வேறு டிஸ்குக்கு நகல் எடுப்பது. பிறகு பழையதைத் தொடாமல் நகலில் மட்டும் வைத்தியம் பார்ப்பது.

இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் நிரல்தான் நான் நம்புவது. சாதாரண காப்பி, தடுக்கும் இடத்திலேயே நின்று முட்டிக்கொண்டிருக்கும். இது நல்ல இடங்களை முதலில் வேகமாக அள்ளிக்கொண்டு, தடுக்கிய இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து அந்த ஓரங்களை ஒவ்வொரு செக்டராகச் சுரண்டும். எங்கே எடுத்தோம், எங்கே விட்டோம் என்று ஒரு வரைபடக் கோப்பும் எழுதிக்கொள்ளும். நடுவில் நிறுத்திவிட்டு நாளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பை இரண்டு டிஸ்கிலும் வைக்காமல் தனி பென் டிரைவில் வையுங்கள்.

வேண்டியவை இவை. பழையதை விடப் பெரிய புது டிஸ்க், 4 டிபி வாங்கிவிடுங்கள். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை ஏற்றிய பென் டிரைவ், டிடிரெஸ்க்யூவும், பிறகு நகலைச் சரிசெய்ய வேண்டிய டெஸ்ட்டிஸ்க் நிரலும் அதிலேயே இருக்கும். மெயின் கம்ப்யூட்டர் வேண்டாம், லேப்டாப் எடுத்துக்கொள்ளுங்கள், அதில்தான் பேட்டரி இருக்கிறது, உங்கள் ஊரில் நடு ராத்திரியில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஸ்லீப் போகாதபடி அமைப்பில் மாற்றுங்கள். டிஸ்கை மேஜையில் தட்டையாக வைத்து மேலே டேபிள் ஃபேன் ஓடட்டும்.

ஒரே ஒரு இடத்தில் கை நடுங்க வேண்டும். எதிலிருந்து எதற்கு என்று கொடுக்கும் இடம். மாற்றிக் கொடுத்தால் காலியான புது டிஸ்கின் வெறுமை பழையதின் மேல் ஏறிவிடும், அதற்குப் பிறகு கடவுளாலும் ஒன்றும் செய்ய முடியாது. லினக்ஸ் கொடுக்கும் பெயர் ஒவ்வொரு முறையும் மாறலாம், அதை நம்பாமல் டிஸ்கின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்டர் அடிக்கும் முன் திரையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் விழித்திருப்பேன்.


வைகைக்கரை | செவ்வாய், இரவு 9.25

புது டிஸ்க் வாங்கிவிட்டேன், மதுரை போய் வந்தேன். படம் போட்டிருக்கிறேன், பாருங்கள் அக்கா. கூடவே ஒரு சந்தேகம். எனக்கு வேண்டியது அந்த இரண்டு கல்யாண போல்டர் மட்டும்தான், 180 ஜிபி இருக்கும். அதை மட்டும் எடுக்க முடியாதா?


முள்ளும்தட்டும் | செவ்வாய், இரவு 9.41

சீரியல் எண் சரியாக இருக்கிறது, இடதில் பழையது, வலதில் புதியது. அடியுங்கள்.

போல்டர் மட்டும் எடுக்க முடியாததற்குக் காரணம், எந்தப் படம் தட்டில் எங்கே இருக்கிறது என்ற பதிவேடுதான் இப்போது படிக்க முடியாமல் இருக்கிறது. கரண்ட் போனபோது புது பைல் ஏறிக்கொண்டிருந்ததால் அந்தப் பதிவேடும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். விண்டோஸ் பைல்களை அடுக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் பிரிவின் முதல் செக்டருக்கு, அதாவது பூட் செக்டருக்கு, ஒரு நகல் பிரிவின் கடைசியில் இருக்கும், பதிவேட்டின் முதல் நாலு வரிக்கும் தனியாக நகல் இருக்கும். அவை பிழைத்திருந்தால் போதும்.


வைகைக்கரை | புதன், மாலை 5.50

ராத்திரி 9.45க்குத் தொடங்கியது. காலை ஏழு மணிக்கு முதல் சுற்று முடிந்தது, 99.97 சதவீதம். நடுவில் இரண்டு மணிக்குக் கரண்ட் போய் நாற்பது நிமிடம் கழித்து வந்தது, லேப்டாப் தாங்கிவிட்டது. அப்போது விழித்து உட்கார்ந்திருந்தேன், வியர்த்துக் கொட்டியது. மிச்சத்தைச் சுரண்டுவது பகல் முழுக்க ஓடியது, கடைசியில் 11 எம்பி மட்டும் வரவில்லை. டிக் சத்தம் இப்போது அதிகமாகிவிட்டது போலத் தெரிகிறது, அதனால் நிறுத்திவிட்டேன். சரியா?


முள்ளும்தட்டும் | புதன், மாலை 6.20

ரொம்பச் சரி. 2 டிபியில் 11 எம்பி என்பது ஒன்றுமே இல்லை. பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். நகலும் பழையதும் ஒரே நேரத்தில் விண்டோஸில் மாட்டக்கூடாது, இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றுதான், குழம்பி ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும்.

இப்போது நகலில் டெஸ்ட்டிஸ்க். அட்வான்ஸ்டு பகுதியில் உங்கள் பிரிவைத் தேர்ந்தெடுத்து பூட் என்று போனால், பூட் செக்டர், அதன் நகல், இரண்டின் நிலையையும் காட்டும்.


வைகைக்கரை | புதன், இரவு 9.05

பூட் செக்டர் பேட் என்றும் நகல் ஓகே என்றும் வந்தது. நகலைக் கொண்டு சரிசெய்யக் கொடுத்தேன். பிறகு லிஸ்ட் கொடுத்தால் அக்கா, போல்டர்கள் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன, நான் வைத்த பெயரோடு. ஐந்து வருடமும். கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன்.

முதல் கல்யாணம் முழுதும் திறக்கிறது. இரண்டாவது கல்யாணத்தின் போட்டோ போல்டர் மட்டும் இருக்கிறது, உள்ளே காலி.


முள்ளும்தட்டும் | புதன், இரவு 9.30

அது கடைசியாக எழுதிய போல்டர், அதன் பதிவுகள் அந்த 11 எம்பிக்குள் விழுந்திருக்கும். கவலைப்படாதீர்கள், அந்தப் போட்டோ கார்டில் நீங்கள் எதுவும் எடுக்கவில்லை என்றீர்களே. கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டுப் பொத்தானை நகர்த்தி எழுத முடியாதபடி செய்துவிட்டு, ரீடரில் போட்டு, போட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டுங்கள். அது பட்டியலை நம்பாது, ஒரு படம் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து கார்டு முழுக்கத் துழாவும். பைல் பெயர் போய்விடும், எண்ணாகத்தான் வரும். எடுத்த தேதியும் நேரமும் படத்துக்கு உள்ளேயே இருப்பதால் அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.


வைகைக்கரை | வெள்ளி, இரவு 8.40

நேற்று எழுத முடியவில்லை, ராத்திரி பகலாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். கார்டில் இருந்து 1,412 படம் வந்தது. படத்துக்குள்ளேயே கேமரா பதித்திருக்கும் எண் வரிசையில் பார்த்தால் 17 படம் இல்லை, எல்லாம் ரிசப்ஷன் கூட்டத்தில் எடுத்தவை. தாலி கட்டும் படங்கள் ஒன்று கூடப் போகவில்லை. பெண் வீட்டார் வந்து தேர்வு செய்துவிட்டுப் போனார்கள். நடந்ததை அவர்களிடம் மறைக்காமல் சொன்னேன். பெண்ணின் அப்பா, என் கையைப் பிடித்துக்கொண்டு, கிடைத்ததே போதும் தம்பி என்றார்.

இன்று மாலை யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி மாட்டினேன். இன்னொரு 4 டிபி டிஸ்க் சொல்லியிருக்கிறேன். ஆல்பம் கைக்குப் போகும்வரை இனி கார்டை ஃபார்மட் செய்வதில்லை.

செப்புக்கம்பி அண்ணா, மலைச்சாரல், பனைமரத்தடி, எல்லோருக்கும் நன்றி. முள்ளும்தட்டும் அக்கா, உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தேனி பக்கம் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும்.

பழைய டிஸ்கை ஃபார்மட் செய்து பாட்டு, படம் போட்டு வைத்துக்கொள்ளலாமா?


முள்ளும்தட்டும் | வெள்ளி, இரவு 9.15

சந்தோஷமாக இருக்கிறது தம்பி, வந்தால் கட்டாயம் வருகிறேன்.

பழையதை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள், ஏதாவது விட்டுப்போயிருந்தால் தேவைப்படும். அப்புறம் வேண்டுமானால் விண்டோஸில் குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போடுங்கள், ஒவ்வொரு செக்டரிலும் புதிதாக எழுதும், பல மணி நேரம் ஆகும். முடிந்ததும் சி5 பூஜ்யத்துக்கு வந்து 05உம் பூஜ்யத்திலேயே நின்றால் அவை பாதியில் நின்ற எழுத்துகள்தான், தட்டில் காயமில்லை. 05 ஏறினால் தூக்கி எறியுங்கள். டிக் சத்தம் அதிகமானது என்றீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது, அதனால் எப்படி வந்தாலும் தொலைந்தால் பரவாயில்லை என்பதை மட்டும் அதில் வையுங்கள்.


மலைச்சாரல் | வெள்ளி, இரவு 10.02

இதைப் படித்த பிறகு என்னுடைய அந்தப் பழைய டிஸ்கில் பார்த்தேன். அக்கா சொன்ன மறைவான போல்டர் இருக்கிறது, உள்ளே பெயரில்லாத 340 துண்டுகள். எல்லாம் திரும்ப வந்துவிட்டது என்று அன்று நான் நினைத்தது தவறு. நாளைக்கு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் போகிறேன்.


ஆற்றங்கரைத்தெரு | சனி, மதியம் 12.20

பீப் சத்தம் கேட்டவன் நான்தான். டிஸ்க் விழவில்லை என்று அம்மாவிடமும் தங்கையிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டு, அடாப்டர் உள்ள ஹப் ஒன்றை நண்பரிடம் வாங்கி வந்து போட்டேன். முதல் முறை பீப். இரண்டாவது முறை வேறு கேபிளில் போட்டதும் சர்ரென்று சுற்றத் தொடங்கிவிட்டது, டிரைவும் வந்துவிட்டது. எதையும் திறந்து பார்க்காமல் நேராக காப்பி கொடுத்துவிட்டேன். இப்போது 212 ஜிபி ஆகியிருக்கிறது, பக்கத்தில் ஃபேன் ஓடுகிறது.